எந்தப் புத்தகத்திலும் இல்லாத பந்தேலிமோன்

வெத்தூரியா தன் முதல் புத்தகத்தில் வீட்டுக் கிணற்றைப் பற்றி எழுதி, அது அச்சாகி வந்த அன்று காலை, கிணறு காணாமல் போனது. வாளி, உருளை, சுற்றுச்சுவர் எல்லாமாகத்தான் போனது. இருந்த இடத்தில் புல் முளைத்திருந்தது, அதுவும் நேற்று முளைத்த புல்லாகத் தெரியவில்லை. அவர்கள் ஊரான ப்ரூனெட்டில் அந்த வருடம் பிளம் விளைச்சல் நன்றாக இருந்தது, சர்க்கரைக்கு மட்டும் தட்டுப்பாடு. கம்யூனிஸ்ட் கட்சி ஆட்சி நடந்த காலம். கடையில் சர்க்கரையும் எண்ணெயும் காணாமல் போவதைப் பார்த்துப் பழகியவர்களுக்குக் கிணறு போனது பெரிய அதிசயமாகப் படவில்லை. அவள் கணவன் பந்தேலிமோன், ஊரின் பிளம் சாராயக் கொப்பரையைப் பார்த்துக்கொள்பவன், காலிக் குடத்தோடு நின்று அந்தப் புல்லைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு வேலியைத் தாண்டிப்போய்ப் பக்கத்து வீட்டு ஃபீராவின் கிணற்றில் தண்ணீர் எடுத்து வந்தான். அன்று தொடங்கிச் சாகும் வரை அங்கேதான் எடுத்தான்.

வெத்தூரியா பள்ளியில் பூகோளம் சொல்லித்தந்தவள். எல்லையைத் தாண்ட யாருக்கும் அனுமதியில்லாத நாட்டில் அந்தப் பாடத்தை நடத்துவது, பசியோடு இருப்பவனுக்குப் பலகாரங்களின் பெயரை வாசித்துக் காட்டுகிற வேலை. அனுமதிச் சீட்டு இல்லாமல் போய்வர முடிந்த ஒரே இடம் தன் சின்ன வயதுதான் என்பதால் அவள் அதைப் பற்றி எழுத உட்கார்ந்தாள். கிணற்றுக்குப் பிறகு ஊஞ்சல் கட்டியிருந்த வால்நட் மரம் போனது. அப்பாவின் சுவர்க்கடிகாரம் போனது, ஆணி மட்டும் மிச்சம். அந்த நினைவுக் குறிப்புகளின் இரண்டாம் பாகத்தில் அண்ணன் கோஸ்மாவோடு குளத்துப் பனியில் சறுக்கி விளையாடியதை எழுதினாள். புத்தகம் வெளிவந்த வாரமே, நீச்சல் தெரியாத கோஸ்மா எல்லையில் ஓடும் டான்யூப் ஆற்றை நீந்திக் கடந்து, எப்படியோ கனடா போய்ச் சேர்ந்தான். அங்கே நன்றாகத்தான் இருக்கிறான், இரண்டு லாரிகள் வைத்திருக்கிறான், திரும்பி வரவே இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதினால் எழுதப்பட்டது வீட்டை விட்டுப் போய்விடும் என்பது அப்போது ஊருக்கே புரிந்துவிட்டது. புரிந்ததும் ஆட்கள் வரிசையாக வந்தார்கள். ஒருத்தி தன் நாத்தனாரைப் பற்றி நாலு வரி எழுதச் சொன்னாள், இன்னொருவர் தன் கழுத்திலிருந்த கட்டியைப் பற்றி. கட்சிச் செயலாளரைப் பற்றி ஒரு முழு அத்தியாயம் எழுதும்படி பாதி ஊர் தனித்தனியாக வந்து கேட்டது. வெத்தூரியா முயன்றும் பார்த்தாள். அந்த மனிதர் மேல் அவளுக்குப் பிரியமும் இல்லை, பெரிய வெறுப்பும் இல்லை. ஒட்டாமல் எழுதிய பக்கத்துக்குச் சக்தி கிடையாது போலிருக்கிறது, அவர் இன்னும் கொஞ்சம் பருத்ததுதான் மிச்சம்.

மூன்றாம் பாகத்தில் அம்மாவை எழுதினாள். அவள் அம்மா அனிகா இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன, ஆனால் குரல் வீட்டிலேயே இருந்தது. அந்தி நேரத்தில் கோழிகளைக் கூப்பிட்டு அடைக்கிறபோது அனிகா அதே மூச்சில் மகளையும் சேர்த்துக் கூப்பிடுவாள்: புய், புய், புய், வெத்தூ, நீயும் வா. அந்த அத்தியாயத்தைத் தலைநகரத்துப் பத்திரிகை ஒன்று வானளாவப் புகழ்ந்தது. பாராட்டை வெத்தூரியா வாசித்துக்கொண்டிருந்தபோதே காதிலிருந்து குரல் போய்விட்டது. சொற்கள் இருந்தன, எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் என்பது தெரிந்தது, குரல் மட்டும் இல்லை. முற்றத்தில் நின்று தானே கூப்பிட்டுப் பார்த்தாள், வாயிலிருந்து காற்றுதான் வந்தது. அவள் அப்படி அழுது பந்தேலிமோன் அதற்கு முன் பார்த்ததில்லை. கோழி சூப் வைத்தால் குத்திக்காட்டுவது போலாகும் என்று யோசித்து பீன்ஸ் சூப் வைத்துக் கொடுத்தான். அதைக் குடித்துக்கொண்டே அவள் ஒரு முடிவெடுத்தாள். இந்த மனிதனைப் பற்றி ஒரு வரிகூட எழுதமாட்டேன் என்பதுதான் அந்த முடிவு. அவ்வளவு பிடிக்கும் அவனை.

பந்தேலிமோனுக்கு அது தெரியும், ஏன் என்பதும் தெரியும். ஆனாலும் மனுஷன்தானே. சாராயம் காய்ச்சும் நாட்களில் கொட்டகைக்கு ஊர் ஆண்கள் அத்தனை பேரும் வருவார்கள், முதலில் வடிவதை ருசி பார்ப்பார்கள், நாக்கு நனைந்ததும் பேச்சு புத்தகத்துக்குப் போகும். “கெணத்துக்குக் கெடச்ச மரியாதகூட ஒனக்குக் கெடைக்கலையே, பந்தே அண்ணே” என்பான் ஒருவன். “சுவத்துக் கடியாரங்கூடப் புஸ்தகத்துல வந்திருச்சு” என்பான் இன்னொருவன். பந்தேலிமோன் ஒரு முறை இருமிக்கொள்வான். பேசுவதற்கு முன் இருமுவது அவன் பழக்கம். “நான் வீட்டுல இருக்கறேன். கெணறு இருக்கா?” என்பான். எல்லோரும் சிரிப்பார்கள், அவனும் சிரிப்பான். ஆட்கள் போன பிறகு ஊறல் கிளறும் துடுப்பைப் பிடித்தபடி சும்மா நிற்பான்.

ஆட்சி கவிழ்ந்து எல்லைகள் திறந்ததும் வெத்தூரியா பயணம் போக ஆரம்பித்தாள். கொப்பரையையும் கோழிகளையும் விட்டுவிட்டு பந்தேலிமோன் எங்கே போவது? பேருந்து நிலையம் வரை பையைத் தூக்கி வந்து ஏற்றிவிடுவான், அவ்வளவுதான். அவளுக்கென்று ஒரு முறை இருந்தது. போன ஊரில் முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பாள், அடுத்து சந்தை, அதற்கடுத்து அந்தி நேரத்தில் ஆட்கள் எங்கே போகிறார்கள் என்று. ஒரு முறையாவது வழி தவறித் தொலைந்து போகாத ஊரைப் பற்றி எழுதவே மாட்டாள். பயண நூல்களின் குணம் வேறு. அவை எதையும் கொண்டுபோகவில்லை, கொண்டுவந்தன. போர்ச்சுகல் புத்தகம் வந்தபோது வீட்டின் மேல் மட்டும் கடல் மூடுபனி இறங்கி, ஜன்னல் கம்பிகளில் உப்புப் பூத்தது. பந்தேலிமோன் அதைச் சுரண்டி ஊறுகாய் ஜாடியில் போட்டான். ஜார்ஜியாவின் மலைக் கிராமங்களைப் பற்றி எழுதியபோது கோடை நடுவில் அவர்கள் கூரையில் மட்டும் பனி விழுந்தது. அவன் அதைத் தள்ளுவண்டியில் அள்ளிக்கொண்டுபோய் செப்புக் குழாயைக் குளிரவைக்கும் தொட்டியில் கொட்டினான், அந்த வருடத்துச் சாராயம் போலக் காரமானதை அதற்குப் பின் யாரும் குடித்ததில்லை. ஒரு இலையுதிர்காலம் மழை விடாமல் பெய்து பிளம் பழம் காயவில்லை. ஊரே வந்து அவளை எகிப்துக்குப் போகச் சொல்லிக் கெஞ்சியது. போய் வந்து, உள்ளூர்ப் பத்திரிகையில் எட்டுப் பக்கம் எழுதினாள். வெப்பக்காற்று வந்தது. எல்லோரும் தங்கள் பிளம் தட்டுகளை வெத்தூரியா வீட்டுக் கூரையில் பரப்பிக் காயவைத்தார்கள்.

கவிதை வந்தது ஐம்பது வயதுக்கு மேல், யாரும் எதிர்பார்க்காதபோது. எழுதும்போது நாற்காலியிலிருந்து ஒரு சாண் மேலே எழும்பிவிடுவாள். பந்தேலிமோன் அவள் சமையல் அங்கியின் இரண்டு பைகளிலும் பைக்கொன்றாகக் கனமான பழைய இஸ்திரிப் பெட்டிகளைப் போட்டுவைத்தான், நல்ல வரி வந்துவிட்டால் அதற்கும் அடங்கமாட்டாள். ஒரே ஒரு நல்லது, அந்த வருடங்களில் வீட்டு உத்தரத்தில் ஒட்டடை இருந்ததில்லை. நடந்ததை எழுதினால்தானே ஆபத்து, கவிதையில் என்ன நடக்கப்போகிறது என்று ஒரு நாள் அவனைப் பற்றி நாலு வரி எழுதி, காலைச் சாப்பாட்டின்போது வாசித்துக் காட்டினாள். மூன்றாவது வரியில் அவன் சோளக்களிக் கரண்டியோடு எழும்பிப்போய் விளக்கில் தலையை இடித்துக்கொண்டான். அன்று முழுக்க ஊறலைக் கிளற முடியவில்லை, துடுப்பை அழுத்தினால் இவன்தான் மேலே போனான். சாயங்காலம் அவள் அந்தத் தாளை அடுப்பில் போட்டாள், அவன் பொத்தென்று விறகுப் பெட்டிமேல் இறங்கினான். இடுப்பைத் தடவிக்கொண்டே, “நாலு வரிதான் இருந்தேன்” என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான், அவளுக்கு ஏனோ கண் கலங்கிவிட்டது.

கதை எழுதினால் ஆள் வந்து நிற்கும். முதல் நாவலில் வந்த ரொட்டி சுடும் பெண் ஒரு தகரப் பெட்டியோடு பேருந்திலிருந்து இறங்கினாள். புத்தகத்தைப் படித்திருந்தவர்கள் அவள் பெயர் சொல்லி வரவேற்று, மாவு ஆலைக்குப் பின்னால் இருந்த வீட்டைக் காட்டிவிட்டார்கள். இன்றும் ஊருக்கு ரொட்டி அவளுடையதுதான். இதிலாவது தன் கணவனுக்கு ஓர் இடம் கொடுக்கலாமா என்று யோசித்து, வெத்தூரியா பெயரை மாற்றி, லஸ்கர் என்று ஒரு கணவனை வைத்து ஒரு சிறுகதை எழுதினாள். அதே மீசை, அதே தோள், அதே இருமல். வித்தியாசம் வேண்டுமே என்று வெங்காயம் ஆகாது, செய்தித்தாளைத் தவிர எதையும் படிக்கமாட்டான் என்று இரண்டை மட்டும் சேர்த்தாள். கதை வெளியான வாரத்து வியாழக்கிழமை, தோளில் கோட்டைப் போட்டுக்கொண்டு ஒருவன் வாசற்கதவைத் திறந்து உள்ளே வந்தான். பந்தேலிமோன் விறகு பிளந்துகொண்டிருந்தான். தன் முகத்தையே எதிரில் பார்த்தால் யாருக்கும் கொஞ்சம் திகைப்பாகத்தான் இருக்கும்.

“யாருப்பா நீ?”

வந்தவன் ஒரு முறை இருமினான். “லஸ்கர். இங்கதான் இருக்கணும்னு நெனைக்கறேன், அண்ணே.”

பந்தேலிமோன் கோடாலியைக் கட்டையில் செருகிவிட்டு உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தான். “வெத்தூ, ஒன்னோட ஆளு வந்திருக்கான். என் மூஞ்சியோட.”

ஒரே வீட்டில் இரண்டு பேரை வைத்துக்கொள்ள முடியுமா? விதவையாகித் தனியாக இருந்த பக்கத்து வீட்டு ஃபீராதான் வேலியோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்தவள், அவனைக் கட்டிக்கொள்ளத் தனக்கு ஆட்சேபணை இல்லை என்றாள். “எழுதி வந்தவனா இருந்தா என்ன, வெறகு வெட்டறானா இல்லையா?” லஸ்கர் வெட்டினான். சர்ச்சில் கல்யாணமும் நடந்தது. இரண்டு ஆண்களும் சகோதரர்கள் மாதிரி ஆகி, ஞாயிற்றுக்கிழமைகளில் பகடை உருட்டி விளையாடினார்கள். யார் ஜெயிக்கிறார் என்று தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. ஆக, கதையில் வந்தது லஸ்கர். பந்தேலிமோன் அப்போதும் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

இப்படியே வருடங்கள் போயின. அலமாரியில் ஒரு தட்டு முழுக்க அவள் புத்தகங்கள் சேர்ந்தன. எழுபதைத் தாண்டியதும் பந்தேலிமோனின் இதயம் தாளம் தப்ப ஆரம்பித்தது. மருத்துவர் அவன் கையைத் தட்டிக்கொடுத்தாரே தவிர மருந்து எதையும் மாற்றவில்லை. அதன் பொருள் இருவருக்கும் புரிந்தது. அந்தக் கோடையில் அவன் தன் உயிர்ப்படையலை வைத்துவிடலாம் என்று சொன்னான். எங்கள் பக்கத்தில் பிள்ளை இல்லாதவர்களும், பிள்ளைகளை நம்பாதவர்களும் தங்கள் காரியத்தை உயிரோடு இருக்கும்போதே தாங்களே செய்துகொள்வார்கள். விருந்து வைத்து, விரித்த கட்டில், கோட்டு, விளக்கு, கெட்டில் என்று மறுபக்கத்தில் என்னென்ன வேண்டுமோ அத்தனையையும் உயிரோடிருக்கும் ஒருவர் கையில் கொடுக்க வேண்டும். வாங்கியவர் அதைப் பயன்படுத்தினால்தான் அங்கே கொடுத்தவருக்குப் பயன்படும். ஆலைக்காரர் தன் மெத்தையைச் சர்ச் மணியடிப்பவருக்குக் கொடுத்தார். மணியடிப்பவர் மெத்தையில் தூக்கம் வராமல் பழைய பலகைக்கே திரும்பிவிட்டார். ஆலைக்காரர் செத்து ஒரு மாதத்தில் மகளின் கனவில் வந்து, முதுகு வலி தாங்கவில்லை என்றார். இதெல்லாம் ஊரறிந்த விஷயம்.

இருவரும் சமையலறையில் உட்கார்ந்து வால்நட் உடைத்துக்கொண்டிருந்தபோது அவன் பேச்சை எடுத்தான்.

“கட்டில் குடுக்கறேன், கோட்டு குடுக்கறேன், கெட்டில் குடுக்கறேன். கூடவே ஒரு புஸ்தகமும் குடுக்கணும். நான் இருக்கற புஸ்தகம்.”

“அப்படி ஒண்ணு இல்லையே, பந்தே.”

“இல்லன்னுதான கேக்கறேன்.”

“எழுதினா நீ போயிடுவ. கெணறு போச்சு. கோஸ்மா போனான். அம்மா கொரல் போச்சு.”

“எழுதலன்னாலும் போகத்தான் போறேன். டாக்டரு மூஞ்சிய நீயும்தான் பாத்த.” அவன் இருமினான். “அங்க பக்கத்துல ஒக்காந்திருக்கறவன் கேப்பான், நீ யாரோட புருஷன்னு. எழுதற வெத்தூரியா புருஷன்னு சொன்னா, அவ புஸ்தகத்துல எந்தப் பக்கத்துல இருக்கேம்பான். நான் என்னன்னு சொல்ல? போர்ச்சுகல்ல எட்டு நாள் இருந்துட்டு முந்நூறு பக்கம் எழுதின. என்னோட எத்தன வருஷம் இருந்திருக்க? ஒரு நாளாவது என்னைச் சுத்திப் பாத்தியா நீ?”

அவளுக்குக் கோபம் வந்தது. உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே அழுதாள், அவன் கொட்டகைக்குப் போய்விட்டான். மறுநாள் காலை அலமாரி மேலிருந்து பயணப் பையை இறக்கித் துடைத்தாள், நடக்கிற காலணியைப் போட்டுக்கொண்டாள்.

“எங்க கெளம்பிட்ட?” என்றான் பந்தேலிமோன்.

“ஒன்கிட்டதான்.”

அவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். “டிக்கெட்டெல்லாம் எடுத்தாச்சா?”

இப்படித்தான் அந்தப் பயணம் தொடங்கியது. சமையலறையை ஒட்டிய சின்ன அறையில் வெளியூர்க்காரி போலத் தங்கினாள். அவனிடம் தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று கேட்டு, அவன் பின்னாலேயே ஃபீராவின் கிணற்றுக்குப் போனாள். தளும்பாமலிருக்க அவன் குடத்தின் மேல் ஒரு முட்டைக்கோஸ் இலையைப் போட்டு எடுத்துவருவதை அன்றுதான் பார்த்தாள். இத்தனை வருடம் குடித்த தண்ணீர் அது. சந்தையில் அவன் ஒவ்வொரு பாலாடைக்கட்டிக் கடையிலும் ருசி பார்த்துவிட்டு, கடைசியில் எப்போதும் அதே வயதானவரிடம், அதே மோசமான கட்டியை வாங்குவதைப் பார்த்தாள். அந்தக் கட்டி ஏன் இப்படி இருக்கிறது என்று அவனோடு எத்தனை சண்டை போட்டிருக்கிறாள், அந்தக் கடைக்காரருக்கு வேறு யாரும் வாடிக்கை இல்லை என்பது அவளுக்குத் தெரியாது. தண்ணீர் ஆயிற்று, சந்தை ஆயிற்று. மிச்சம் இருந்தது அந்தி நேரம். அது அவள் எழுதுகிற நேரம் என்பதால், கல்யாணமான நாளிலிருந்து ஒரு தடவைகூட அந்தியில் அவள் கொட்டகைப் பக்கம் போனதில்லை.

ஓடையைத் தாண்டி, பிளம் தோப்பு வழியாக அவனுக்குத் தெரியாமல் பின்னால் போனாள். அடுப்புப் புகை தோப்பு முழுக்கத் தாழ்ந்து படிந்திருந்தது. பிறந்ததிலிருந்து ஓடி விளையாடிய தோப்பில் அவள் வழி தவறிவிட்டாள். எந்த மரமும் அடையாளம் தெரியவில்லை, எந்தப் பக்கம் ஓடை என்று தெரியவில்லை. பயமாக இருந்தாலும், எழுத்துக்காரி புத்தி போகுமா, தொலைந்தாயிற்று, இனி எழுதலாம் என்றும் ஓர் ஓரத்தில் தோன்றியது. அப்போது புகைக்குள்ளிருந்து அவள் அம்மா கூப்பிட்டாள்.

“புய், புய், புய். வெத்தூ, நீயும் வா.”

குரல் வந்த பக்கம் நடந்தாள். கொட்டகை வாசலில் பந்தேலிமோன் பிழிந்த பிளம் சக்கைக் கிண்ணத்தோடு நின்றிருந்தான். சக்கை தின்று போதையேறிய கோழிகள் ஒன்றன்மேல் ஒன்று முட்டிக்கொண்டு கூண்டுக்குள் போய்க்கொண்டிருந்தன. மீசை வைத்த அந்த வாயிலிருந்து அனிகாவின் குரல் ஒரு பிசிறு குறையாமல் வந்துகொண்டிருந்தது. அவளைப் பார்த்ததும் திருடிப் பிடிபட்டவன் மாதிரி வாயை மூடிக்கொண்டான்.

“எத்தன வருஷமா?” என்றாள்.

“கொரல் வீட்டுலேருந்து போனதுலேருந்து. அத்தை கூப்பிடறதக் கேட்டுக் கேட்டு எனக்கும் வந்திருச்சு. வீட்டுல வாயத் தொறந்தா காத்துதான் வருது. இங்க வருது.”

“எங்கிட்டச் சொல்லக்கூடாதா?”

பந்தேலிமோன் இருமினான். “சொன்னா நீ எழுதிருவ. இங்கேருந்தும் போயிரும்.”

போய்விடும் என்று பயந்து அவள் அவனை எழுதவில்லை. போய்விடும் என்று பயந்து அவன் அவளிடம் சொல்லவில்லை. வெத்தூரியா அங்கே கிடந்த பீப்பாய் மேல் உட்கார்ந்து, “இன்னொரு தடவ கூப்பிடு” என்றாள். அவன் கூப்பிட்டான். கோழிகள் அத்தனையும் குழம்பிப்போய்த் திரும்ப வெளியே வந்தன.

அந்தப் புத்தகத்தை அவள் பயண நூலாக எழுதினாள். நினைவாகவோ கவிதையாகவோ ஒரு வரியும் நழுவிவிடாமல் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள். அவன் முதுகின் மேட்டுநிலம், தோளுக்கும் கழுத்துக்கும் இடையிலிருந்த கணவாய், காப்பிக்கு முன் மேகமூட்டமும் பின் தெளிவுமான தட்பவெப்பம், பாதிரியாரோடு பேசும் மொழி, கோழிகளோடு பேசும் மொழி, தங்குமிடம், சாப்பாடு, வருகிறவர்களுக்கு எச்சரிக்கைகள் எல்லாம் அதில் இருந்தன. கொட்டகையில் கேட்ட குரலும் இருந்தது. மாவட்டத் தலைநகரில் அச்சாகிப் பேருந்தில் புத்தகக் கட்டு வந்து இறங்கிய மறுநாள் காலை அவள் சாப்பாட்டு மேசையில் அவன் சட்டைக்கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். அவன் ஒற்றைக் கையால் சோளக்களியைத் தின்றுவிட்டு, இன்னும் கொஞ்சம் கேட்டான். எங்கும் போகவில்லை. கூரைக்கு மேல் சின்னதாக ஒரு மேகம் வந்து நின்றது, கதகதப்பாக, விறகுப் புகையும் பிளம் பழமும் நனைந்த கம்பளியுமாக மணத்தது. ஃபீரா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து மோந்து பார்த்துவிட்டு, “ஒரு பந்தே அண்ணன் பத்தாதா?” என்றாள். மற்ற ஊர்களின் வானிலை போலவே இதுவும் சில வாரம் இருந்துவிட்டுக் கலைந்தது.

இறந்தவர்களை நினைக்கும் நாளான இலையுதிர்கால ஆத்துமாக்களின் சனிக்கிழமையன்று படையல் நடந்தது. முற்றத்தில் நீளமாக மேசை போட்டு, முட்டைக்கோஸ் இலையில் சுற்றிய இறைச்சியும், கோதுமையும் தேனும் சேர்ந்த பிரசாதமும், சாராயமும் வைத்தார்கள். பாதிரியார் மட்டும் புத்தகத்தைப் பார்த்து, படையலில் இதெல்லாம் வழக்கமில்லையே என்று முகம் சுளித்தார். “பைபிளும் புஸ்தகந்தானே, சாமி” என்றான் பந்தேலிமோன். கோட்டுக்கு அளவு சரியாக இருக்கிற ஆள் ஊரில் ஒருவன்தான், அதனால் எல்லாவற்றையும் லஸ்கர் வாங்கிக்கொள்வது என்று ஏற்பாடு. கட்டிலுக்கு, வாங்குகிறவர் சொல்லும் வழக்கப்படி “ஆண்டவர் ஏத்துக்கட்டும்” என்றான் லஸ்கர். கோட்டுக்கும் கெட்டிலுக்கும் சொன்னான். புத்தகம் வந்ததும் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

“நான் படிக்கறவன் இல்லையே, அண்ணே. அக்கா என்னை அப்படி எழுதலையே.”

மேசை முழுக்க வெத்தூரியாவைத் திரும்பிப் பார்த்தது. எழுதியது எழுதியதுதான், அச்சில் வந்ததைத் திருத்த அவளாலும் முடியாது. “வாங்கு, மத்தத நான் பாத்துக்கறேன்” என்று ஃபீரா அவன் முதுகில் ஒன்று வைத்தாள். அவன் வாங்கிக்கொண்டு, சொல்ல வேண்டியதைச் சொன்னான். பந்தேலிமோன் அன்று சாயங்காலம் வரை சந்தோஷமாக ஆடினான், இதயத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

அதற்கடுத்த வருடம், பிளம் எல்லாம் காய்ச்சி முடித்து, கொப்பரையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அவன் கொட்டகை வாசலில் உட்கார்ந்தபடியே இறந்துபோனான். வெத்தூரியா கறுப்புத் துணி கட்டிக்கொண்டாள். அழுதாள், ஆனால் அந்தக் குரலுக்காக அழுத அழுகை மாதிரி இல்லை. இந்த முறை எல்லாவற்றையும் பார்த்தாயிற்று, சொல்லியும் ஆயிற்று. ஒன்றுதான் உறுத்திக்கொண்டிருந்தது. அங்கே போய்ச் சேர்ந்திருப்பான், கேட்டிருப்பார்கள், காட்டினானோ இல்லையோ என்பதுதான் அது. பதில் ஃபீராவின் கனவில் வந்தது. அங்கே கட்டில் வசதியாக இருக்கிறது, கோட்டு சரியாக இருக்கிறது, ஆனால் புத்தகத்தைப் பிரிக்க முடியவில்லை, ஏடெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கிறது, அங்கிருப்பவர்கள் சிரிக்கிறார்கள் என்று பந்தேலிமோன் குறைப்பட்டுக்கொண்டானாம். ஃபீரா எழுந்து அலமாரியைத் திறந்தாள். கட்டிலில் படுக்கிற, கோட்டைப் போட்டுக்கொள்கிற, கெட்டிலில் தேநீர் போடுகிற லஸ்கர், புத்தகத்தை மட்டும் துணியில் சுற்றித் துணிகளுக்கு அடியில் பத்திரமாக வைத்திருந்தான். ஒரு தடவைகூடப் பிரிக்கவில்லை.

“மனுஷன் அங்க தல குனிஞ்சு நிக்கறாரு, நீ இங்க பூச்சி உருண்டை போட்டு வெச்சிருக்க” என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி திட்டினாள். லஸ்கர் எழுதப்பட்டபடி கொஞ்ச நேரம் அடம்பிடித்தான். பிறகு செய்தித்தாளை எடுத்து, நடுவில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டான். அப்படி வைத்தால் படிக்க முடிந்தது.

அன்றிலிருந்து அந்தி நேரத்தில் ஒரு பக்கம், விரல் வைத்து, எழுத்துக் கூட்டி, சத்தமாகப் படிக்கிறான். படிக்கிற பக்கத்துக்கு ஏற்ற வானிலை வேலிக்கு இந்தப் பக்கம், வெத்தூரியாவின் கூரைக்கு மேல் வருகிறது. காப்பிக்கு முந்தைய பக்கம் படித்த அன்று மேகம் மூடியது. சந்தைப் பக்கத்தன்று பாலாடைக்கட்டி வாடையோடு ஒரு தூறல். முதுகின் மேட்டுநிலம் வந்தபோது நல்ல வெயில் அடித்தது, அவள் சுவரோரம் நாற்காலியைப் போட்டு அதில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கனவில் குறை சொல்ல அவன் அதற்குப் பின் வரவில்லை. துணி காயப்போடுவதற்கு முன் தெருப் பெண்கள் லஸ்கர் எந்தப் பக்கத்தில் இருக்கிறான் என்று விசாரித்துக்கொள்கிறார்கள். கடைசிப் பக்கம் முடிந்ததும் அவன் முதல் பக்கத்துக்குத் திரும்பிவிடுகிறான். வேறு புத்தகம் அவனுக்கு ஒத்துவராது.

கொட்டகை அத்தியாயம் முதல் தடவையாக வந்த அன்று, கிணறு இருந்த புல்லில் நின்றிருந்த வெத்தூரியாவுக்குக் காதில் விழுந்தது. கூரைக்கு மேலே தாழ்வாக நின்ற புகைமேகத்திலிருந்து அம்மாவின் குரல், தொடங்குவதற்கு முன் ஓர் இருமலோடு, கோழிகளைக் கூப்பிட்டது. கோழிகள் வரிசையாகக் கூண்டுக்குள் போயின. ஃபீரா கொடியிலிருந்த போர்வையைப் பிடித்துக்கொண்டு வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

“என்னக்கா, மழையா? துணிய எடுக்கவா?”

“மழை இல்ல ஃபீரா. என்னைக் கூப்பிடறாங்க” என்று சொல்லிவிட்டு வெத்தூரியா வீட்டுக்குள் போனாள்.